எக்ஸ்பி ஏறிய வீடுகள்

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாநாடுகளின் வழியாகவே எழுதுகிறார்கள். 1997இல் சிங்கப்பூர், 1999இல் சென்னை, 2010இல் கோவை என்று கதை மேடைக்கு மேடை தாவிச் செல்லும். 1999 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரங்களாக அறிவித்தது. இதிலெல்லாம் பிழை இல்லை. ஆனால் எந்தக் குறியேற்றம் நிலைக்கும் என்ற வழக்கு அந்த மேடைகளில் தீரவில்லை. பழைய வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் 98ஐ அழித்துவிட்டு எக்ஸ்பி ஏற்றிய அந்த ஐந்தாறு ஆண்டுகளில்தான் தீர்ந்தது என்பது என் கட்சி. தமிழ் விக்கிப்பீடியா 2003இலேயே யூனிகோடில் தொடங்கிவிட்டது. வலைப்பதிவுகளும் அதே காலத்தில் அதே குறியேற்றத்தில் பெருகின. அரசின் அறிவிப்பு ஏழு ஆண்டு கழித்து வந்தது; ஏற்கெனவே குடியேறிவிட்ட ஊருக்குப் பட்டா கொடுத்தது போல.

விண்டோஸ் 98 ஓடிய கணினியில் தமிழ் என்றால் எழுத்துரு என்றே பொருள். இயங்குதளத்துக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கும் மேலைநாட்டுக் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்து, கணினியை ஏமாற்றித்தான் படித்தோம், எழுதினோம். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள் போதும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். நாளிதழ்களின் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. ஒன்றைப் படிக்க இறக்கியது அடுத்ததற்கு உதவாது. இந்தக் குழப்பத்தை ஒழிக்க இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி குறியேற்றம் நேர்மையான முயற்சிதான். ஆனால் அதுவும் எட்டு பிட் வீட்டில் வாடகைக்கு இருந்தது. 173ஆம் இடத்தில் அது ‘இ’யை வைத்தது. உலகத்தின் மற்ற மென்பொருள்களுக்கோ அந்த இடம் வரி முடிவில் மட்டும் தலைகாட்டும் ஒரு மறைகோட்டுக்கு உரியது. ஆகவே சில நிரல்களில் ‘இ’ காணாமல் போகும். ‘இலை’ வெறும் ‘லை’ ஆகும். பிறகு அதே ‘இ’க்கு 254இல் இரண்டாவதாக ஓர் இடம் கொடுக்க வேண்டிவந்தது. ஓர் உயிரெழுத்துக்கு இரண்டு முகவரி. இயங்குதளம் ஒத்துழைக்காத வரை எவ்வளவு நல்ல திட்டமும் ஒட்டுப்போட்ட துணிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மைக்ரோசாஃப்ட் முதலில் தமிழ் யூனிகோடைச் சேர்த்தது 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000இல். ஆனால் அது அலுவலகங்களை நோக்கிய சரக்கு. வீடுகளுக்கென்று அதே ஆண்டு வந்த விண்டோஸ் மீ, 98இன் வழித்தோன்றலாகவே இருந்தது. இரண்டு பரம்பரையும் ஒன்றானது 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியில். 98க்கு 16 எம்பி ரேம் இருந்தால் ஓடும். எக்ஸ்பிக்கு அந்நிறுவனமே 64 எம்பி குறைந்தபட்சம், 128 இருந்தால் நல்லது என்றது. எனவே பழைய பென்டியம், செலரான் வைத்திருந்தவர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற கடைத்தெருவில் ஒரு ரேம் வாங்கிச் செருக வேண்டும், சி டிரைவை ஃபார்மேட் அடிக்க வேண்டும், வேண்டியதையெல்லாம் அதற்கு முன்னால் டி டிரைவுக்குத் தள்ளிவைக்க வேண்டும். 98க்காக எழுதிய டிரைவர்கள் பல புதிய தளத்தில் வேலை செய்யாததால் பழைய ஸ்கேனரோ மோடமோ ஊமையாகிவிடுவதும் உண்டு. நிறுவும்போது திரையின் ஓரத்தில் இன்னும் 39 நிமிடம் என்று காட்டிவிட்டு, அந்த 39ஐ எக்ஸ்பி எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அத்தனை பாடுபட்ட பிறகும் தமிழ் வந்துவிடாது. பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். கண்ட்ரோல் பேனலில் மொழிகளுக்கான பகுதியைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் உரிய கோப்புகளை நிறுவும் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அந்த வரியில் அடைப்புக்குறிக்குள் தாய்லாந்து மொழியின் பெயர் இருக்கும், தமிழின் பெயர் இருக்காது. டிக் அடித்ததும் கணினி எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி கொடுத்தால் லதா எழுத்துருவும், அதைவிட முக்கியமாக எழுத்துகளைக் கோக்கும் நிரலும் உள்ளே வரும். யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பதும், ‘கொ’வின் உயிர்க்குறியை இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிறுத்துவதும் அந்த நிரலின் வேலை. அது இல்லாத இடத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் அநாதையாக நிற்கும்.

இதற்கு முதல் மறுப்பு எளிது: தமிழுக்காக யாரும் எக்ஸ்பிக்கு மாறவில்லை, நீலத் திரை தொல்லை ஒழியும், புது விளையாட்டுகள் ஓடும், கள்ள நகலாகச் சிடியும் கிடைத்தது, மாறினார்கள். இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாறியதற்கான காரணம் வேறு, மாறியதால் திறந்த வாசல் வேறு. அந்தக் கட்டத்தில் தற்செயலாக யாரும் டிக் அடிப்பதில்லை. நிர்வாகி உரிமையும் சிடியும் கையில் இருந்த வீட்டுக்காரரால்தான் அது முடிந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவரால் முடியவில்லை. இரண்டாவது மறுப்பு சற்று நுட்பமானது: விண்டோஸ் 98இலேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பிந்தைய பதிப்புகளையும் ஒரு யூனிகோட் எழுத்துருவையும் போட்டால் தமிழ் படிக்கலாமே? படிக்கலாம்தான். ஆனால் அந்த 98இன் நோட்பேடில் அதைச் சேமிக்க முடியாது, ஒரு கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது. உலாவிக்குள் மட்டும் உயிரோடு இருக்கும் மொழி விருந்தாளி. எக்ஸ்பியில்தான் அது வீட்டு ஆளாயிற்று.

லினக்ஸை மறந்துவிட்டாய் என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. 2002இல் வந்த ஜிடிகே 2, பாங்கோ என்ற கோக்கும் நிரலோடு வந்தது. தன்னார்வலர்கள் கேடிஇ, நோம் திரைகளையே தமிழாக்கினார்கள். தரத்தில் அது குறைந்ததல்ல. ஆனால் அதை ஏற்றித்தரும் கடைக்காரர் தெருவில் இல்லை. கள்ள நகல் விண்டோஸும் இலவசமாகிவிட்ட ஊரில் லினக்ஸின் விலையின்மை ஒரு கவர்ச்சியாகவே இல்லாமல் போயிற்று. இன்னும் கனமான மறுப்பு டேஸ்16 தரப்பினருடையது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தருவதே தமிழ் இலக்கணத்துக்குப் பொருந்தும், இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றத்தின் அச்சில் வார்த்த யூனிகோட் அமைப்பு நம் தேர்வல்ல, அயல்நாட்டு நிறுவனம் தள்ளிவிட்டது என்பார்கள். இலக்கண வாதத்தில் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அது என் வாதத்தை மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. நல்லது எது என்ற கேள்வி மேடையில் நடந்துகொண்டிருந்தபோது, கிடைத்தது எது என்பதை இயங்குதளம் சொல்லிவிட்டது.

அச்சகங்களைப் பார்த்தால் இதன் மறுபக்கம் தெரியும். அங்கும் எக்ஸ்பி ஏறியது, யூனிகோட் ஏறவில்லை. பக்கம் கட்டியது பேஜ்மேக்கரில். 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றுபோனது, அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அதன் வாரிசான இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான ஆதரவு 2012இன் சிஎஸ்6இல்தான் முறையாக வந்தது. இயங்குதளம் மாறினால் போதும் என்ற என் பேச்சுக்கு இது ஒரு வரம்பு என்பதை மறைக்க முடியாது. வீட்டில் டிக் அடித்தவரின் நோட்பேடும் கோப்பின் பெயரும் தமிழாகிவிட்டன. டிடிபி மேசையில், எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்ற பிறகும், டி டிரைவில் கிடந்த பழைய எழுத்துருக்களுக்காகவே பழைய பெட்டிகளை விடாமல் ஓட்டினார்கள். 2007இல் வீடுகளுக்கு வந்த விஸ்டாவில் அந்த டிக் கட்டமே இல்லை; தமிழ் தானாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு கணினி தொட்டவர்களுக்கு, அச்சகத்திலிருந்து வரும் கோப்பைத் திறந்து, ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்பதைப் பார்க்கும்போதுதான் 98இன் காலம் முதல்முறையாக அறிமுகமாகிறது.