சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
முதுமை அடைந்த ஒரு சொகுசு வண்டியின் கதை

பழைய கார்களை விற்கும் இடத்திற்கு நீங்கள் என்றாவது சென்றதுண்டா? அங்கே வியப்பான காட்சி ஒன்றைக் காணலாம். பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெருஞ்செல்வர்கள் மட்டுமே வாங்க முடிந்த பெரிய சொகுசு வண்டி ஒன்று, இன்று ஒரு புதிய சிறிய காரின் விலைக்கு நின்றுகொண்டிருக்கும். தோல் இருக்கைகள் உண்டு. குளிரூட்டும் கருவி உண்டு. மேடு பள்ளம் தெரியாத மெத்தென்ற ஓட்டமும் உண்டு. "இவ்வளவு மலிவா!" என்று மயங்கி வாங்கிவிடுகிறவர்கள் பலர். அவர்களில் சிலர் சில மாதங்களிலேயே அதை வந்த விலைக்கு விற்றுவிடத் துடிக்கிறார்கள். பழுதுபார்க்கும் செலவு அவர்களை மிரட்டிவிடுகிறது.

விலை குறைந்த வண்டியில் பழுதுச் செலவு மட்டும் ஏன் குறையவில்லை? உறுதியாகச் செய்யப்பட்ட வண்டி ஏன் அடிக்கடி நோயில் விழுகிறது? இவ்வகை வண்டிகளுள் ஒன்றான ரேஞ்ச் ரோவரின் வரலாற்றைப் பார்த்தால் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

மணலில் பிறந்த வண்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் அவருக்குப் பண்ணை ஒன்று இருந்தது. அதில் இராணுவத்தார் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அது பழுதாகிவிட்டால் மாற்றுக்கு வேறு வண்டி கிடையாது. நாமே ஒன்று செய்தால் என்ன என்று எண்ணினார். 1947-ல் அத்தீவின் கடற்கரை மணலிலேயே அதன் உருவத்தை அவர் தம் அண்ணன் ஸ்பென்சருக்கு வரைந்து காட்டியதாகச் சொல்வார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்தது.

அப்போது இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆகவே வண்டியின் வெளித் தகடுகளை அலுமினியக் கலவையால் செய்தார்கள். தட்டுப்பாட்டில் எடுத்த இந்த முடிவு பின்னால் இந்தக் கதையில் பெரிய பங்கு வகிக்கப்போகிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேண்ட் ரோவர் உழைப்பாளியின் வண்டி, முதுகெலும்பை உலுக்கிவிடும். "காட்டிலும் செல்ல வேண்டும், சாலையிலும் சுகமாக ஓட வேண்டும்" என்ற நோக்கத்துடன் ஸ்பென் கிங் என்ற பொறியாளரின் குழு ஒரு புதிய வண்டியை உருவாக்கியது. அதுதான் 1970 ஜூனில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர். லாரிகளில் நாம் காணும் பட்டைவில்லுக்குப் பதில் நான்கு சக்கரங்களுக்கும் நீண்ட சுருள்வில்கள்; நான்கு சக்கரங்களிலும் தட்டு பிரேக்குகள்; எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் பாயும் விசை. விலை 1,998 பவுன். ஆனால் உள்ளே பார்த்தால் சொகுசு ஏதுமில்லை! இருக்கைகள் செயற்கைத் தோல், தரை ரப்பர். சேறு படிந்தால் குழாயைப் பிடித்து உள்ளேயும் தண்ணீர் அடித்துக் கழுவலாம்.

அமெரிக்கா கைவிட்ட எஞ்சின்

இந்த வண்டியின் இதயம் ஓர் அமெரிக்க எஞ்சின். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பியூக் பிரிவு 1961-ல் அதை வெளியிட்டது. எட்டு சிலிண்டர்கள், மூன்றரை லிட்டர் கொள்ளளவு, முழுவதும் அலுமினியத்தால் வார்த்தது. எடை 150 கிலோகிராமுக்கும் குறைவு. ஆனால் அலுமினியத்தை வார்ப்பதில் தொல்லைகள் எழுந்தன, செலவும் மிகுந்தது. 1963-க்குப் பின் பியூக் அதைக் கைவிட்டது. ரோவர் நிறுவனம் 1965-ல் அதன் உரிமையை வாங்கியது. பெட்ரோலைக் குடித்தாலும் நெடுங்காலம் உழைத்த எஞ்சின் அது.

காட்டில் கற்ற பாடம்

புதிய வண்டிக்குப் பெரிய சோதனை விரைவிலேயே வந்தது. ஜான் பிளாஷ்ஃபோர்டு-ஸ்நெல் என்ற இராணுவ அதிகாரியின் தலைமையில் ஒரு குழு, இரண்டு ரேஞ்ச் ரோவர்களுடன் 1971 டிசம்பரில் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடிக்குப் புறப்பட்டது. இடையில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சாலையே இல்லாத டேரியன் காடும் சதுப்பும் கிடந்தன. சுமார் 400 கிலோமீட்டர்தான். கடக்க ஏறத்தாழ நூறு நாட்கள் ஆயின!

அங்கே வண்டிகளின் டிஃபரென்ஷியல்கள், அதாவது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் பல்சக்கரத் தொகுதிகள், உடைந்தன. குறை எங்கே என்று தேடினார்கள். சேற்றில் அமிழாமல் இருப்பதற்காக வழக்கத்தைவிடப் பெரிய, கனத்த டயர்களை மாட்டியிருந்தார்கள். அவற்றின் சுமை பல்சக்கரங்களின் மேல் விழுந்துவிட்டது. மாற்றியது டயரை, உடைந்தது வேறோர் உறுப்பு! எந்திரத்தில் ஓரிடத்தில் செய்யும் மாற்றத்தின் விலையை இன்னோரிடம் கொடுக்கிறது. இந்த வண்டியின் பிற்கால வரலாறு முழுவதும் இந்தப் பாடம்தான்.

வண்டிக்குள் ஒரு மின்கலம்

"அலுமினியம் துருப்பிடிக்காதே, பிறகென்ன கவலை?" என்று கேட்பீர்கள். அலுமினியத் தகடு தனியாக இருக்கும்போது அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து அதைக் காக்கிறது, உண்மைதான். ஆனால் இந்த வண்டியில் அது தனியாக இல்லை. வெளித் தகடு அலுமினியம். அதைத் தாங்கும் உட்சட்டம் எஃகு.

இரு வேறு உலோகங்களையும் உப்பு நீரையும் ஒன்றுசேர்த்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1800-ல் வோல்டா காட்டினார். அந்த மின்கலத்தில் இரண்டு உலோகங்களுள் வினை மிகுந்தது கரைந்து அழியும். அழிவது எப்போதும் அதுவே, மற்றது பிழைத்துக்கொள்ளும். கப்பலின் அடியில் பொதிந்த செம்புத் தகடு அரிக்கப்படாமல் இருக்க, அதனுடன் இரும்பையோ துத்தநாகத்தையோ இணைக்கலாம் என்று 1824-ல் ஹம்ப்ரி டேவி கண்டது இதே உண்மையைக் கொண்டுதான்.

குளிர்காலத்தில் இங்கிலாந்தின் சாலைகளில் பனிக்கட்டி உருக உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் வண்டியின் மூட்டுகளுக்குள் புகுகிறது. அலுமினியம், எஃகு, உப்பு நீர் மூன்றும் சேர்ந்துவிட்டன, மின்கலம் தயார்! உப்பிலுள்ள குளோரைடு ஆக்சைடு படலத்தை உடைக்கிறது. எஃகைவிட வினை மிகுந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறுகிறது. பொடிக்கு அதிக இடம் வேண்டியிருப்பதால் வண்ணப்பூச்சு கொப்புளமாக மேலெழுகிறது. மற்றோரிடத்தில், அலுமினியம் தொடாத எஃகு உறுப்புகளைச் சாதாரணத் துரு தின்கிறது. வெளியே பளபளக்கும் பழைய ரேஞ்ச் ரோவரின் தரைவிரிப்பைத் தூக்கினால், கால் வைக்கும் தகட்டில் ஓட்டை தெரிவது இதனால்தான். தகட்டின் விலை சிறிது. அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்கும் கூலியோ பெரிது.

காற்றின் மேல் ஒரு சவாரி

ஆண்டுகள் செல்லச் செல்ல, பண்ணையாரின் வண்டி செல்வந்தரின் வண்டியாகியது. 1981-ல் நான்கு கதவுகள் வந்தன; 1982-ல் தானியங்கிக் கியர் வந்தது. 1992-ல் சுருள்வில்லுக்குப் பதில் காற்றுவில் வந்தது.

காற்றுவில் என்பது என்ன? தடித்த ரப்பர்ப் பை ஒன்றில் அழுத்திய காற்றை அடைத்து, அதன் மேல் வண்டியை உட்கார வைப்பதுதான். பையை அமுக்கினால் காற்றின் கொள்ளளவு குறையும். பாயிலின் விதிப்படி அழுத்தம் ஏறும். பை திருப்பித் தள்ளும். காற்றைக் கூட்டியும் குறைத்தும் வண்டியின் உயரத்தையும் மாற்றலாம். சாலையில் தாழ்ந்தும், காட்டில் உயர்ந்தும் செல்லும் வண்டி! அருமையான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் எஃகுச் சுருளுக்கு இல்லாத ஒரு குணம் ரப்பருக்கு உண்டு. ஓசோனும் வெப்பமும் ஓயாத மடிப்பும் அதில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் காற்று கசியும். இரவில் நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் குந்தியிருக்கும். சிலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. எஞ்சினை ஓட்டியதும் வண்டி எழுந்துவிடுகிறதே! ஆனால் கசிந்த காற்றை ஈடுசெய்யக் காற்றழுத்தும் கருவி ஓய்வின்றி ஓடுகிறது. அதன் வளையங்கள் தேய்கின்றன. சூடேறி ஒருநாள் கருகிவிடுகிறது. பையைக் காலத்தில் மாற்றியிருந்தால் ஒரு செலவு, இப்போது இரண்டு. இதில் அலுத்துப்போன சிலர், காற்றுப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையபடி சுருள்வில்லையே மாட்டிக்கொண்டார்கள். 1970-க்கே திரும்பிவிட்டார்கள்!

1994-ல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டியில் விளக்கு, பூட்டு, சன்னல் ஆகியவற்றையெல்லாம் ஒரே மின்னணுப் பெட்டி ஆண்டது. தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் சாவிக்காக அதில் ஒரு வானொலி வாங்கியும் இருந்தது. அக்கம்பக்கத்திலிருந்து வரும் வேறு அலைகளையும் சாவியின் அழைப்போ என்று எண்ணிப் பெட்டி அடிக்கடி விழித்துக்கொள்ளும். சில நாட்களில் பேட்டரி தீர்ந்து வண்டி கிளம்பாது. இரும்பும் ரப்பரும் மட்டும் அறிந்த மெக்கானிக் இங்கே என்ன செய்வார்?

இரண்டரை மில்லிமீட்டர்

எஞ்சினும் மாறியது. அதிக ஆற்றல் வேண்டும் என்பதற்காகச் சிலிண்டரின் விட்டத்தை 88.9 மில்லிமீட்டரிலிருந்து 94 மில்லிமீட்டராக்கினார்கள். சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள தொலைவு மாறவில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கமும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இடம் போயிற்று. இரும்பு உறைகளைச் சுற்றியிருந்த அலுமினியச் சுவர் மெலிந்தது.

அலுமினியம் வெப்பத்தில் இரும்பைப்போல் இரு மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய வளையம் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 0.23 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு இரும்பு வளையம் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டர்தான் விரியும். எஞ்சின் அளவு மீறிக் கொதித்தால் அலுமினியத்தின் பிடி தளர்ந்து இரும்பு உறை ஆடத் தொடங்கும். மெலிந்த சுவரில் வெடிப்பு விழுந்தால் குளிர்நீர் சிலிண்டருக்குள் புகும். இதைச் சரிசெய்ய, நழுவாதபடி மேலே விளிம்பு வைத்த உறைகளைப் பொருத்த வேண்டும். எஞ்சின் முழுவதையும் பிரித்தாக வேண்டும். இத்தனைக்கும் தொடக்கம், நீர் கசியும் ஒரு பழைய ரப்பர்க் குழாயாக இருக்கலாம்!

அந்த எஞ்சினின் காலம் பின்னர் முடிந்தது. ஆனால் கதை முடியவில்லை. 2009-ல் வந்த ஐந்து லிட்டர் எஞ்சினின் குளிர்நீர்க் குழாய்களில் சில பிளாஸ்டிக்கினால் ஆனவை. வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்தபின் அவை ஒட்டுப்போட்ட இடத்தில் பிளக்கின்றன. வால்வுகளை இயக்கும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் உறுப்பு தேய்ந்து, சங்கிலி தளர்ந்து கடகடக்கிறது. பொருள் வேறு, பாடம் ஒன்றே.

கணக்குப் பார்ப்போம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி நீங்கள் அறிந்ததே. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஓர் உறுப்பின் விலை 500 ரூபாய், பட்டறைக் கூலி மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த உறுப்பு எஞ்சினின் உட்புறத்தில் இருப்பதால் பிரித்துச் சேர்க்க 15 மணி நேரம் ஆகிறது. மொத்தம் 15,500 ரூபாய். இதில் உறுப்பின் பங்கு நூற்றுக்கு மூன்றுதான்! நெருக்கமாக அடைத்துச் செய்த சொகுசு வண்டியில் எந்த உறுப்பும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதில்லை.

இன்னொன்று. வண்டியின் விலையை வாங்குவோரின் ஆசை தீர்மானிக்கிறது. ஆண்டுதோறும் அது இறங்குகிறது. உதிரி உறுப்பின் விலையையும் கூலியையும் தீர்மானிப்பது, அது புதிதாக இருந்தபோது அதைச் செய்த விதம். அவை இறங்குவதில்லை. யானையைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். குறைந்த விலைக்கு வாங்கினோம் என்பதற்காக அது குறைவாகத் தின்னுமா?

ரேஞ்ச் ரோவர் இன்று நமக்கு அந்நியமும் அல்ல. பல கைகள் மாறிய அந்நிறுவனத்தை 2008-ல் டாட்டா மோட்டார்ஸ், ஜாகுவாருடன் சேர்த்து, 230 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 செப்டம்பரில் இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டாவின் புதிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

எனவே பழைய சொகுசு வண்டியை யாரேனும் வாங்கப்போவதாகச் சொன்னால் நீங்கள் உதவலாம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நான்கு மூலையிலும் சமமாக நிற்கிறதா? கிளப்பியதும் சங்கிலி கடகடக்கிறதா? குளிர்நீர் குறைகிறதா? தகடுகளின் ஓரத்தில் கொப்புளம் உண்டா? தரைவிரிப்பின் கீழே என்ன இருக்கிறது? முன்பு பார்த்த பழுதுகளின் கணக்கு ஏடு இருக்கிறதா?

மனிதருக்கு முதுமை முதலில் மூட்டில் தெரிகிறது. எந்திரத்துக்கும் அப்படியே. பெரிய இரும்பு உறுப்புகள் எளிதில் சாவதில்லை. ரப்பரும் வளையமும், இரு உலோகம் கூடும் இடமும்தான் முதலில் தளர்கின்றன. ஒவ்வொரு சொகுசும் வண்டிக்கு ஒரு புதிய மூட்டைச் சேர்க்கிறது. அந்த மூட்டுகளை முன்கூட்டியே கவனிக்கிறவருக்குப் பழைய வண்டியும் உழைக்கும். விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர் வாசலில் யானையைக் கட்டிக்கொள்கிறார்.