நாகபந்தமும் இலக்கிய வகுப்பும்

இலக்கியப் பாடத்தை ஓவியத்தோடும் கருவியோடும் இணைத்துக் கற்பித்தல் வேண்டும் என்னும் கருத்து இன்று ஆசிரியரிடையே பெரிதும் பேசப்படுகின்றது. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களிற் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன, 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. இவற்றைக் காண்போர், செய்யுளைக் கண்ணாற் கற்கும் முறை தமிழுக்குப் புதிது என்று கருதுதல் கூடும். அது பொருந்தாது என்பதையும், ஓவியமின்றி நிரம்பாத செய்யுள்வகை தமிழில் நெடுங்காலமாக உண்டு என்பதையும், அதனைக் கற்பிக்கும் முறை எழுதுகருவி மாறுந்தோறும் மாறிவந்தது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம். ஆய்வுக்குச் சங்கரன்கோயிலை நிலைக்களனாகக் கொள்வாம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்துள்ள இவ்வூர்க் கோயிலில் சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதியம்மை ஆகிய மூவர்க்கும் தனித்தனிச் சந்நிதிகள் உள்ளன. நடுவண் நிற்கும் சங்கரநாராயணர் வலப்பாகம் சிவனும் இடப்பாகம் திருமாலுமாகிய ஒரு வடிவினர். அவ்வடிவின் கருத்தைப் பொய்கையாழ்வார் தம் முதல் திருவந்தாதியில் ஒரு வெண்பாவில் அமைத்துள்ளார். அது இக்கோயிலைப் பாடியதன்று. எனினும் கருத்தால் ஒன்றுபடுவது. பெயர், ஊர்தி, நூல், உறைவிடம், தொழில், படை, உருவம் என்னும் ஏழனையும் இருவர்க்கும் இணை இணையாகக் கூறி, இறுதியில் மேனி ஒன்றே என முடிப்பது அப்பாட்டு. நிரல்நிறையாய் அமைந்த அதனைப் பயிலும் மாணாக்கர், எது யார்க்குரியது எனத் தடுமாறுவர். படிமத்தை முன்வைத்து, இணைகளின் முதற்பகுதி எல்லாம் வலப்பக்கம், இரண்டாம் பகுதி எல்லாம் இடப்பக்கம் என்று காட்டின் அத்தடுமாற்றம் நீங்கும். பாட்டிற் சிவன் கையில் உள்ளது வேல். சங்கரநாராயண வடிவங்களிலோ மழுவே பெரிதும் காணப்படும். நூலும் தொழிலும் கல்லில் வடித்துக் காட்டற்கு அரியன. எனவே படிமம் பாட்டிற்கு உரையாகுமேயன்றிப் பாட்டின் இடத்தைக் கொள்ளாது என்பதும் உடன் விளங்கும்.

இங்கே ஓவியம் செய்யுளுக்குப் புறத்தே நின்று உதவுகின்றது. ஓவியம் செய்யுளின் அகத்தே உறுப்பாய் நிற்கும் வகையும் உண்டு. அதனை இவ்வூர்த் தலவரலாறே நினைப்பூட்டுகின்றது. சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர், சிவனே பெரியன் என்றும் திருமாலே பெரியன் என்றும் தம்முள் மாறுபட்டனர் என்றும், அம்மையின் தவத்திற்கு இரங்கி இறைவன் இருவடிவும் ஒன்றாகக் காட்சி தந்தனன் என்றும் அவ்வரலாறு கூறும். ஆடித் தவசு விழா அதன் நினைவே. பிணங்கிய இரு நாகங்கள் ஒரு பொருளில் இணைந்தன என்னும் இக்கதைக்கு நிகரான யாப்பமைதி ஒன்று தமிழில் உளது, அதுவே நாகபந்தம். கதையிலிருந்து அது பிறந்தது என்று யாம் கூறவில்லை. மாணாக்கர்க்கு அதனை விளக்க இக்கதை ஏற்ற வாயில் என்பதே எம் கருத்து.

தண்டியலங்காரம் சொல்லணியியலில் எடுத்தோதும் சித்திரகவி 12. அவற்றுள் ஒன்றாகிய நாகபந்தம், தம்முட் பின்னிய இரண்டு பாம்புகளை வரைந்து, ஒரு நேரிசை வெண்பாவையும் ஓர் இன்னிசை வெண்பாவையும் அவற்றின் உடலில் எழுத்தெழுத்தாக அமைப்பது. உடல்கள் ஒன்றையொன்று வெட்டும் சந்திகளில் நிற்கும் எழுத்து இரு வழியிற் செல்வார்க்கும் பொதுவாதல் வேண்டும். படத்தை நீக்கிவிடின் எஞ்சுவன இரண்டு வெண்பாக்களே, நாகபந்தம் இல்லை. பாம்பை வரையும் முறையை உரைகாரர் ஆசிரியரின் உபதேசத்திற்கு உரியதாக விட்டனர். ஆகவே கோடு இழுக்கும் கையும் இலக்கணம் சொல்லும் வாயும் ஒருவர்க்கே உரியனவாய் இருந்தன எனக் கொள்ளலாம்.

இம்மரபு தென்பாண்டி நாட்டிற் சிறந்து வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டினரான ஆழ்வார்திருநகரித் திருக்குருகைப் பெருமாள் கவிராயர், நம்மாழ்வாரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு இயற்றிய மாறனலங்காரத்தில், தண்டியலங்காரம் கூறாத சித்திரகவிகள் பலவற்றையும் சேர்த்தார். சோழநாட்டில், திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கை தேர்வடிவில் அமைக்கப்பெற்றுக் கும்பகோணம் சார்ங்கபாணி கோயிலிற் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. கோயிலுக்கு வருவோர் அனைவர்க்கும் அச்சுவரே கரும்பலகையாயிற்று.

அச்சு வந்தபின் நிலைமை மாறியது. ஈய எழுத்துக்கள் நேர்வரியிற் கோக்கப்படுவன. வளைந்து செல்லும் பாம்பின் உடலில் எழுத்தை நிறுத்தத் தனி அச்சுக்கட்டை செதுக்குதல் வேண்டும். அது செலவும் உழைப்பும் மிக்கது. படமின்றி நேர்வரியில் அச்சேறிய சித்திரகவி, காரணமின்றிக் கடினமான செய்யுளாகவே தோன்றும். மிறைக்கவி என்னும் பழம்பெயரும் அதன் அருமையைக் குறிக்க, சொல்விளையாட்டு என அதனை ஒதுக்குவார் மிகுந்தனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞர் (1870-1903) சித்திரக்கவி விளக்கம் என ஒரு நூல் செய்தமை, இவ்வகைக்கு விளக்கம் வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்குச் சான்றாகும். கவிச்சுவையில் இவை சங்கச் செய்யுளோடு ஒவ்வா என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயினும் எழுத்து, அசை, இடம் என்பவற்றைக் கண்ணும் கையும் அறியச் செய்வதில் இவற்றிற்கு நிகர் வேறில்லை.

கணிப்பொறி அச்சின் தடையை நீக்கியுள்ளது. திரையில் எழுத்தை எவ்வளைவிலும் நிறுத்தலாம். ஒரு பாம்பின் வழியை ஒரு நிறத்தாலும் மற்றதன் வழியை வேறு நிறத்தாலும் காட்டி, சந்தி எழுத்தைத் தனியே ஒளிரச் செய்யலாம். ஆனால் கருவியும் தமிழ் எழுத்தைக் கற்றல் வேண்டும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன்கண் 'கா' என்பது ககரம், துணைக்கால் என இரண்டு குறிகளாகவே வைக்கப்படும். திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் போன்ற செய்யுளைக் குறிகுறியாகத் திருப்புமாறு கணிப்பொறிக்கு ஆணையிடின், துணைக்கால் தன் எழுத்தை விட்டுப் பெயர்ந்து, பாட்டு உருக்குலையும். எழுத்தெழுத்தாகத் திருப்பினாலன்றி மாலைமாற்று நில்லாது. ஒலியால் உயிர்மெய் இரண்டு, வரிவடிவால் ஒன்று. இவ்வேறுபாட்டை மாணாக்கர் சூத்திரத்தால் மட்டுமன்றித் தம் பிழையாலும் உணர்வர்.

எனினும் ஆயத்தமாக அமைந்த படத்தைத் திரையிற் காட்டி நிறுத்துவதாற் பயன் சிறிதே. பாம்பின் உடலைத் தாமே வரைந்து, கட்டங்களை எண்ணி, சந்தி தோறும் இரு பாட்டிற்கும் பொருந்தும் எழுத்தைத் தேடும்போதுதான் மாணாக்கர் புலவனின் உழைப்பை அறிவர். ஆதலின் முதலிற் கையால் வரைதல், அடுத்துச் செய்யுளை அமைத்தல், அதன்பின் திரையிற் சரிபார்த்தல் என்னும் முறை ஏற்புடைத்து. பழைய உபதேசத்தின் இடத்திற் கருவி அமர்தல் தகாது. உபதேசிக்கும் ஆசிரியர்க்கு அது துணையாய் நிற்றலே தகும். சித்திரகவியைப் பாடத்திட்டத்திலிருந்து முற்றும் நீக்குவோமாயின், ஓவியமும் யாப்பும் ஒருங்கே பயின்ற ஆசிரிய மரபு நம் தலைமுறையோடு அற்றுப்போகும். அதனைக் காத்தல் தமிழ்த்துறைகளின் கடன்.