கொம்பு முறிந்த பக்கம்

மட்டக்களப்புப் பக்கம் மழை பொய்த்தாலோ கொள்ளைநோய் வந்தாலோ முன்பு கொம்புமுறி நடத்துவார்கள். ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு கட்டி இழுப்பார்கள். கொம்பு முறிந்த பக்கம் தோற்றது. அதற்குப் பிறகு பாடுகிற வசைப்பாட்டைக் காது கொடுத்துக் கேட்க ஏலாது. சிங்களக் கிராமங்களில் இதே விளையாட்டுக்குப் பெயர் அங்கெலிய. அங்கே உடுபில பாலங்கவின் கட்சி, யடிபில பத்தினியின் கட்சி. பாலங்க வேறு யாருமில்லை, கோவலன்தான். வசையும் அப்படியே உண்டு.

இதை மத சகிப்புத்தன்மை என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. சகிப்பதற்கு அங்கே பிறத்தியாரின் தெய்வம் ஏது? எங்களுக்குக் கண்ணகை அம்மன், அவர்களுக்குப் பத்தினி மெனியோ, இரண்டும் தாய். சிங்கள பௌத்தர் நம்பிக்கையில் அவள் வருங்காலத்தில் புத்தராகப் போகிறவள். கண்டிப் பெரஹராவில் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களில் ஒன்று அவளுடையது.

சிலப்பதிகாரம் சொல்லும் கயவாகு மன்னனே அவளை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்பது இரு பக்கமும் பிரியமான கதை. கணநாத் ஒபேசேகர அதை வரலாறாக ஏற்கவில்லை. பத்தினி வழிபாடு பற்றிய அவருடைய பெரிய நூல் 1984இல் வந்தது. கறுப்பு ஜூலைக்கு மறு வருடம்! ஒரே தாயைக் கும்பிட்டதால் 1983இல் ஒரு வீடாவது எரியாமல் தப்பியதா என்று அந்தப் புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் தோன்றும்.

ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே அவளுடைய இடம் சுருங்கத் தொடங்கிவிட்டது. அதில் எங்கட பங்கும் சின்னதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சமணச் செட்டிச்சியைச் சைவர் கும்பிடுவதா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, நாகபூஷணி என்று பெயர் மாறின. ஆகமம் வந்தது, அந்தஸ்து வந்தது, சிங்களக் கிராமத்தோடு இருந்த உறவு போனது. கிழக்கில் அவ்வளவு நடக்கவில்லை. தெற்கிலே, படித்த பௌத்தருக்குக் கம்மடுவச் சடங்கு நாட்டுப்புறத்தாரின் மூடநம்பிக்கையாகிப் போனது. பத்தினி மங்க, கதிர்காமத் தெய்வம் எழுந்ததை ஒபேசேகரவே விரிவாக எழுதியிருக்கிறார். இரு பக்கமும் சமயத்தைத் துப்புரவு செய்தவர்கள் கெட்ட நோக்கத்தோடு செய்யவில்லை. துடைத்துப் போட்டதில் பொதுவாக இருந்ததும் சேர்ந்து போயிற்று, அவ்வளவுதான்.

முல்லைத்தீவில் நந்திக்கடல் ஓரம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. கடல்நீரில் விளக்கெரியும் கோயில், வைகாசிப் பொங்கலுக்குப் பேர்போனது. 2009 மே 18, வைகாசி பிறந்து நாலைந்து நாள். அதே நந்திக்கடல் கரையில் போர் முடிந்தது. சுட்டவர்களில், வீட்டைவிட்டுப் புறப்படுமுன் பத்தினிக்கு நேர்த்தி வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். செத்தவர்கள் கூப்பிட்டதும் அவளைத்தான்.