நான்கு விசைகளும் ஒரு வெள்ளித் தகடும்

பறவையைப் போலப் பறக்க வேண்டும் என்பது மானுடத்தின் பழங்கனவு. அக்கனவுக்கு நெடுங்காலம் தடையாய் நின்றதும் அந்த உவமையே. சிறகடித்தலே பறத்தல் என்று கருதியோர், செயற்கைச் சிறகுகளைக் கையிலும் காலிலும் பூட்டி அசைக்க முயன்றனர். லியனார்டோ டாவின்சி வரைந்த பறக்கும் பொறிகளிலும் சிறகடிப்பவையே மிகுதி. உடல் எடைக்கேற்ற தசை வலிமையில் மனிதன் பறவைக்கு ஈடாகான். ஆதலின் அம்முயற்சிகள் கைகூடவில்லை.

இத்தடையைத் தெளிவாகக் கடந்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜார்ஜ் கெய்லி. 1799ஆம் ஆண்டில் அவர் சிறு வெள்ளித் தகடு ஒன்றில் இரு படங்களைப் பொறித்தார். ஒரு பக்கம் அசையாச் சிறகுடைய வானூர்தி. மறுபக்கம் சாய்ந்த சிறகின்மீது காற்று செலுத்தும் விசையின் இரு கூறுகள். ஒன்று மேலே தூக்குவது. மற்றொன்று பின்னே இழுப்பது. பறவையின் சிறகு ஒருங்கே ஆற்றும் பணிகளை அவர் பிரித்துக் கண்டார். தாங்குவது சிறகின் வேலை. முன்செலுத்துவது வேறொரு பொறியின் வேலை.

எடை, தூக்குவிசை, உந்துவிசை, பின்னிழுவிசை என்று மாணவர் இன்று பயிலும் நான்கும் இப்பிரிவினால் தெளிவுற்றன. தூக்குவிசை எடைக்கும், உந்துவிசை பின்னிழுவிசைக்கும் ஈடாகும்போது வானூர்தி நின்றுவிடுவதில்லை. உயரமும் வேகமும் மாறாமல் நேரே செல்கிறது.

விசைகளை அறிதல் வேறு. அவற்றை ஆளுதல் வேறு. 1891 முதல் கிளைடர்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பறந்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால், 1896 ஆகஸ்டு 9 அன்று வானில் நிலைகுலைந்தார். கிளைடர் முன்பகுதி நிமிர்ந்து வேகம் குன்றிற்று, தூக்குவிசை அற்றது, எடை மட்டுமே எஞ்சியது. மறுநாள் அவர் உயிர் நீத்தார்.

அவருடைய அட்டவணைகளைக் கொண்டு கணக்கிட்ட அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள், 1901இல் தங்கள் கிளைடர் எதிர்பார்த்த தூக்குவிசையில் மூன்றிலொரு பங்கே தரக் கண்டனர். முன்னோர் தந்த எண்களை ஐயுற்றனர். காற்றின் அழுத்தத்தைக் கணிக்க நெடுங்காலம் வழங்கிய 0.005 என்னும் கெழு மிகையென்றும், 0.0033ஐ ஒட்டியதே பொருந்துமென்றும் கண்டனர். மரத்தால் காற்றுச் சுரங்கம் ஒன்று அமைத்து, ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களைச் சோதித்துத் தாமே புதிய அட்டவணைகளை வகுத்தனர்.

1903 டிசம்பர் 17 அன்று அவர்களின் வானூர்தி முதன்முறை எழுந்து 12 விநாடிகள் பறந்தது. கடந்த தொலைவு 120 அடி. அதன் சிறகுகள் அடித்துக்கொள்ளவில்லை. அவை தாங்கின, பின்னிருந்த இரு சுழல்விசிறிகள் உந்தின. அப்பணிப் பிரிவினை 104 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வெள்ளித் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது.