பல்லாவரத்துக் கல்லும் நம் கல்வராயன் மலையும்

எலவனாசூர்கோட்டையில் சேலம் பஸ் ஏறினால், கள்ளக்குறிச்சி தாண்டியதும் வலப்பக்கம் கல்வராயன் மலை கூடவே வரும். முப்பது வருஷம் வரலாற்று ஆசிரியராக இருந்தவன் நான். அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஞாபகம்தான் வரும்.

ஃபுட் 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஊர் ஊராக நடந்து, பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவது அவர் வேலை. 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் படை மைதானத்தை ஒட்டிய சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி அவர் படித்திருந்தார். அதனால், சில்லுகளைப் பெயர்த்து வடிவமைத்த அந்தக் கல் மனிதக் கை பட்டது என்று கண்டுகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கற்கருவிகளை, கைக்கோடரிகளை, கண்டார். அங்கே பின்னர் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் கணித்தார்கள்.

சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு மாவட்டப் பாறைகளைப் பற்றி கிங்கும் ஃபுட்டும் எழுதிய அறிக்கை 1864-ல் வந்தது. நம் பகுதி அன்று தென்னாற்காடு.

ஒருமுறை கல்வராயன் மலைமேல் ஒரு மரத்தடியில் பிள்ளையாராக நட்டிருந்த கல்லைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள். ஒரு முனை மட்டும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய விளிம்பு. புதிய கற்காலக் கோடரி அது. "கொல்லை உழும்போது கெடச்சதுங்க சார், சாமிக்கல்லு" என்றார் பெரியவர். எந்தக் கொல்லை என்று கேட்டேன். "அப்பா காலத்துல, தெரியலீங்க" என்றார்.

அந்த பதிலில்தான் ஃபுட்டின் அருமை எனக்கு உறைத்தது. எடுத்த கல் ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று அவர் குறித்துவைத்தார். அவருடைய சேகரிப்பை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள். அதன் விவரப் பட்டியல் 1914-ல், அவர் இறந்தபின் வெளிவந்தது. இடம் தெரிந்தால்தான் கல் சாட்சி சொல்லும்.

ஃபுட் 1912-ல் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காடு தேவாலயத்தில் இருக்கிறது.

மலையில் கும்பிடும் கல்லை யாரும் பிடுங்க வேண்டாம். அது அவர்கள் சாமி. ஆனால் ஏர் ஓட்டும்போதோ கிணறு வெட்டும்போதோ இப்படி ஒரு கல் கிடைத்தால், எந்த ஊர், எந்த நிலம், எத்தனை அடி ஆழம் என்று அன்றைக்கே எழுதிவைத்து, தொல்லியல் துறைக்கும் சொல்லிவிடுங்கள்.