ஊர் சபையில் யாருடைய ஜெபம்?

இன்னிக்கு கணக்குப் பதிவியலுக்கு லீவு. ஒரு கோர்ட் வழக்கைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ராச்செஸ்டர் பக்கத்தில் கிரீஸ் என்று ஒரு ஊர் (ஐரோப்பாவில் இருக்கும் நாடு இல்லைங்க!). 1999 முதல் அங்கே மாதாந்திர ஊர் சபைக் கூட்டம் ஜெபத்தோடுதான் தொடங்கும். 2007 வரை ஜெபம் செய்த அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள்.

யூதரான சூசன் கேலோவேயும் நாத்திகரான லிண்டா ஸ்டீபன்ஸும் எதிர்த்தார்கள். உடனே 2008-ல் 12 கூட்டங்களில் 4-ல் மற்றவர்களுக்கு வாய்ப்பு கிடைத்தது. 2009 ஜனவரியிலிருந்து 2010 ஜூன் வரை? மறுபடியும் கிறிஸ்தவர்கள் மட்டும்தான்!

இத்தனைக்கும் ஜெபமே கூடாது என்று இவர்கள் கேட்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் கேட்டார்கள்.

2014 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஊர் சபை பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்திலேயே ஆரம்ப காலம் முதல் ஜெபம் உண்டு, இது பழைய மரபு என்றார் நீதிபதி கென்னடி. ஆனால் நாடாளுமன்றமும் ஊர் சபையும் ஒன்றல்ல, இங்கே மக்கள் நேரடியாக வந்து பங்கெடுக்கிறார்கள் என்று மறுத்தார் நீதிபதி ககன்.

எனக்கு ககன் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. ஒரு அனுமதி கேட்டு சபைக்கு வருகிறீர்கள். ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்க, நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதைப் பார்த்த அதே உறுப்பினர்கள்தான் அடுத்த அரைமணியில் உங்கள் மனுவை முடிவு செய்யப் போகிறார்கள். உட்கார தைரியம் வருமா?

நீங்க என்ன நினைக்கறீங்க?