அவுரியின் இரண்டு வேலைகள்

தேங்காய்த்திட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த மனை பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்கிறது. மணற்பாங்கான அந்த மண்ணில், யாரும் விதைக்காமலே கொழுஞ்சி முளைத்திருக்கிறது. சென்ற மழைக்குப் பின் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தேன். வேரெங்கும் கடுகைப்போன்ற சிறு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தது. நம் இரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருளின் உறவுப் பொருள்தான் அது.

இயற்பியல் ஆசிரியனுக்குக் கொழுஞ்சியோடு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்த்து அம்மோனியா ஆக்குவதற்குத் தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தமும் வேண்டும். கடுகளவு முடிச்சுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் அதே வேலையைச் சாதாரண வெப்பநிலையில் செய்துவிடுகின்றன!

கொழுஞ்சியைப் போலவே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது அவுரி. புதுவையின் பழைய வாணிபத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கே நீலம் தோய்த்த பருத்தித் துணி, 'கினே' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் வரை சென்றது. செனெகல் ஆற்றங்கரையில் அத்துணியைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். அங்கே துணியே நாணயம்போல் புழங்கியது. (அந்தப் பிசினைத் தரும் வேல மரமும் அவரைக் குடும்பம்தான்.)

அவுரித் தழையைத் தொட்டி நீரில் ஊறவைத்துப் புளிக்கவிடுவார்கள். பிறகு தழையை அகற்றிவிட்டு நீரைக் கலக்கி அடிப்பார்கள். காற்றுப் பட்டதும் நீலம் பிரிந்து அடியில் படியும். மிஞ்சிய தழையும் தண்டும் வயலுக்கு எருவாகும். சாயத்துக்காக அன்றி, உரத்துக்கென்றே அவுரி விதைப்பதும் உண்டு. சணப்பு, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி ஆகியவற்றைப்போல் அதையும் பூக்கும் தருவாயில் மடக்கி உழுது, பிறகு நெல் நடுவார்கள். நைட்ரஜன் உரத்துக்குத் தமிழில் 'தழைச்சத்து' என்று பெயர் வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

இச்செடிகளுக்குப் பின் நெல் ஏன் செழிக்கிறது? விடை கிடைக்க ஐரோப்பாவில் அரை நூற்றாண்டு பிடித்தது. 1838இல் பிரெஞ்சு வேதியியலார் பூசிங்கோ, பட்டாணியும் குளோவர் புல்லும் வளரும்போது நைட்ரஜன் கூடுகிறது, கோதுமையில் கூடுவதில்லை என்று கண்டார். பின்னர் 1850களில், ஐயமறச் சோதிக்க எண்ணி, சுட்டுச் சுத்தமாக்கிய மண்ணில் செடிகளை அடைத்து வளர்த்தார். நைட்ரஜன் கூடவில்லை! இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையிலும் அதே முடிவு. சூடேற்றியதில் நுண்ணுயிர்கள் மாண்டுவிட்டன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சோதனை சுத்தமாக இருந்ததே விடையை மறைத்துவிட்டது. 1886இல் ஜெர்மானியர் ஹெல்ரீகல்தான் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே காரணம் என்று அறிவித்தார். 1888இல் ஹாலந்தின் பைஜரிங்க் அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்தார்.

காரணம் தெரிந்த சில ஆண்டுகளிலேயே அவுரிக்குச் சோதனை வந்தது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவுரிச் சாகுபடி சரிந்தது. அதே நிறுவனம் 1913இல் ஓப்பாவ் என்னும் ஊரில் காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் முதல் பெரிய ஆலையைத் தொடங்கியது. நிறம் கொடுப்பதும் உரம் கொடுப்பதுமான அவுரியின் இரண்டு வேலைகளையும் பதினாறே ஆண்டுகளில் ஒரே நிறுவனம் மேற்கொண்டுவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

யூரியா மூட்டை வயலுக்கு வந்தபின் பசுந்தாள் பின்னுக்குப் போனதற்கு உழவரைக் குறை சொல்ல முடியாது. கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 5 டன் பசுந்தாள் விளைந்தால், உலர் எடை சுமார் 1 டன். அதில் நைட்ரஜன் 2.5 சதவீதம் என்று கொண்டால் 25 கிலோ; அதாவது 54 கிலோ யூரியாவுக்குச் சமம். (அதில் ஒரு பகுதி மண்ணிலிருந்தே எடுத்தது என்பதையும் மறக்கலாகாது.) இதற்காக நிலத்தையும் நீரையும் 45 நாட்கள் ஒதுக்க வேண்டும். முப்போகம் பார்க்கும் கிணற்றுப் பாசன நிலத்தில் அந்த 45 நாட்கள் எங்கே கிடைக்கும்? மறுபுறம், மூட்டை மண்ணுக்கு மட்கு தருவதில்லை. பசுந்தாள் தருகிறது.

கதை செனெகலிலேயே ஒரு திருப்பம் கண்டது. 1981இல் அந்நாட்டில் பணிபுரிந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் திரெஃபூசும் தொம்மெர்க்கும், அகத்தி இனச் செடி ஒன்றின் தண்டிலேயே நைட்ரஜன் முடிச்சுகள் இருப்பதை வெளியிட்டனர். வேர் நீரில் மூழ்கினாலும் தண்டு முடிச்சுகளுக்குக் காற்று கிடைப்பதால், நீர் தேங்கிய நெல் வயலிலும் அது வேலை செய்கிறது. நம் வேளாண் துறையினர் இன்று பரிந்துரைக்கும் 'மணிலா அகத்தி' இதுதான். பெயரில் மணிலா இருந்தாலும், பிறந்த மண் நம் நீலத் துணி சென்ற மண்ணே. ஒரு குறையும் உண்டு: பகல் குறுகும் மாதங்களில் வளராமலே பூத்துவிடும். ஆகவே சித்திரை, வைகாசியில் விதைத்து, சம்பா நடவுக்கு முன் மடக்கி உழுவதே ஏற்றது.